ஐந்து பேரும் ஆடும் மேஜையும்

அன்புள்ள ஐயா,

பிரெஞ்சுப் புரட்சி பற்றிய உங்கள் கட்டுரையில் 1795-ஆம் ஆண்டு அரசியல் சாசனத்தைப் ‘பணக்காரர்கள் தங்களுக்காக எழுதிக்கொண்டது’ என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். நான் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். சட்டம் என்றால் முதல் பிரிவிலிருந்து கடைசிவரை படித்துவிடும் பழக்கம். அதன் மொழிபெயர்ப்பையும் அப்படித்தான் படித்தேன். தனி ஒருவன் கையில் அதிகாரம் போய்விடக் கூடாது என்று அதில் எத்தனை தடுப்பு! இவ்வளவு கவனமாக எழுதியும் நாலே வருஷத்தில் நெப்போலியன் காலில் போய் விழுந்தது ஏன்? எழுத்தில் கோளாறா, ஆட்களில் கோளாறா?

ஆர்., காரைக்கால்

*

அன்புள்ள ஆர்.,

அந்த வரி அவசரத்தில் எழுதியது. பொய்யில்லை, ஆனால் பாதிதான். எங்கள் பள்ளிப் பாடத்தில், பயங்கர ஆட்சி நடத்திய ரோபெஸ்பியரின் தலை உருண்ட கையோடு நெப்போலியன் வந்துவிடுவார். நடுவில் ‘டைரக்டரி ஆட்சி’ என்று இரண்டு வரி இருக்கும். எனக்கு டெலிபோன் டைரக்டரிதான் ஞாபகம் வரும். அந்தப் பழக்கதோஷம் இன்னும் போகவில்லை போலிருக்கிறது.

அந்தச் சாசனத்தைப் புரிந்துகொள்ள 1795 மே 20-ஆம் தேதிக்குப் போக வேண்டும். பாரிஸில் ரொட்டிக்குப் பஞ்சம். காகிதப் பணமான அசிஞாவுக்கு மதிப்பே இல்லை. ‘ரொட்டி வேண்டும், 1793 சாசனம் வேண்டும்’ என்று கத்திக்கொண்டு கூட்டம் தேசியப் பேரவைக்குள் புகுந்தது. ஆண்கள் எல்லோருக்கும் ஓட்டு என்று 1793-இல் ஒரு சாசனம் எழுதி, சண்டை முடியட்டும் என்று பேழையில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். அதைத்தான் கேட்டார்கள். தடுக்கப்போன ஃபெரோ என்ற உறுப்பினரைக் கொன்று, தலையை ஈட்டியில் குத்தித் தலைவர் நாற்காலிக்கு முன்னால் நீட்டினார்கள். நாற்காலியில் இருந்தவர் புவாசி தாங்லா. அவர் எழுந்து அந்தத் தலைக்கு வணக்கம் செலுத்தினார் என்று சொல்வார்கள்.

ஒரு மாதம் கழித்து, ஜூன் 23 அன்று, புதிய சாசனத்தின் வரைவைப் பேரவையில் வைத்துப் பேசியவரும் இதே புவாசி தாங்லாதான். சொத்துள்ளவர்கள் ஆளும் நாட்டில்தான் சமூக ஒழுங்கு இருக்கும், இல்லாதவர்கள் ஆண்டால் காட்டு நிலைதான் என்றார். கேட்க எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஆனால் கண்ணுக்கு நேரே ஒரு தலையைப் பார்த்துவிட்டு வந்த மனுஷனின் பேச்சு அது. வரி கட்டுகிற ஆண்கள் முதல் சுற்றில் ஓட்டுப் போடலாம். அவர்கள் தேர்ந்தெடுக்கும் வாக்காளர்களுக்குச் சொத்துத் தகுதி உண்டு. நாடு முழுக்க அப்படிப்பட்டவர்கள் சுமார் 30 ஆயிரம் பேர். என் அந்த ஒற்றை வரி இங்கிருந்து வந்ததுதான்.

ஆனால் அவர்கள் பயந்தது கூட்டத்துக்கு மட்டும் இல்லை, இன்னொரு ரோபெஸ்பியருக்கும். நீங்கள் பார்த்த தடுப்புகளெல்லாம் அதற்காக. சட்டம் கொண்டுவர ஐந்நூற்றுவர் அவை. ஏற்கவோ தள்ளவோ 250 பேர் கொண்ட மூத்தோர் அவை. இதில் உட்கார 40 வயது ஆகியிருக்க வேண்டும். கல்யாணம் ஆனவராகவோ மனைவியை இழந்தவராகவோ இருக்க வேண்டும். பிரம்மச்சாரியை நம்ப மாட்டார்கள்! நிர்வாகத்துக்கு ஐந்து டைரக்டர்கள். வருஷத்துக்கு ஒருவர் விலக வேண்டும். அவைகளிலும் வருஷா வருஷம் மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் மாற வேண்டும். டைரக்டர்கள் சட்டத்தை மறுக்க முடியாது, அவையைக் கலைக்க முடியாது, கஜானா சாவிகூட அவர்களிடம் கிடையாது. அவை கூடும் ஊரைச் சுற்றி 60 கிலோமீட்டருக்குள் அவையின் அனுமதி இல்லாமல் அவர்கள் படையைக் கொண்டுவரக் கூடாது. மொத்தம் 377 பிரிவுகள்.

நவம்பர் மாதம் டைரக்டர்கள் லக்சம்பர்க் அரண்மனைக்குள் நுழைந்தபோது உட்கார நாற்காலி இல்லை. காவல்காரர்தான் நாலு வைக்கோல் நாற்காலியும், ஒரு கால் உளுத்து ஆடிக்கொண்டிருந்த சின்ன மேஜையும், குளிர்காயக் கொஞ்சம் விறகும் கொடுத்தாராம். அந்த மேஜைமேல்தான் ஆட்சி தொடங்கியது. படிக்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள்மேல் ஒரு பரிவு வரும். திவாலான நாடு, ஐரோப்பா முழுக்கப் போர், மன்னராட்சி திரும்ப வேண்டும் என்ற அரசவாதிகள் ஒரு பக்கம், ரோபெஸ்பியரின் வழிவந்த ஜாக்கொபின்கள் இன்னொரு பக்கம். அதோடு நாலு வருஷம் தள்ளியதே பெரிய விஷயம்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். முதல் கோளாறு சாசனத்தில் இல்லை, அதோடு ஒட்டிக்கொண்டு வந்த ஒரு தீர்மானத்தில் இருந்தது. புதிய அவைகளின் 750 இடங்களில் 500 பழைய பேரவை உறுப்பினர்களுக்கே என்று எழுதிவிட்டார்கள். சாசனம் மக்களிடம் போனபோது 10 லட்சத்துக்கும் மேல் ஆதரவு. இந்தத் தீர்மானத்துக்கோ சுமார் 2 லட்சம் பேர்தான் கைதூக்கினார்கள், ஒரு லட்சத்துக்கும் மேல் எதிர்த்தார்கள். அக்டோபர் 5 அன்று பாரிஸில் கலவரம். அடக்கும் பொறுப்பு, பின்னால் டைரக்டர்களில் ஒருவரான பராஸுக்கு. அவர் கூப்பிட்டுக்கொண்ட இளம் தளபதியின் பெயர் நெப்போலியன் பொனபார்ட். சாசனம் நடைமுறைக்கு வருவதற்குள்ளேயே பீரங்கிக்காரர் உள்ளே வந்தாயிற்று.

அதாவது வருஷா வருஷம் தேர்தல் என்று எழுதியவர்களுக்கே தேர்தலில் தோற்க மனமில்லை. 1797 தேர்தலில் அரசவாதிகள் நிறையப் பேர் ஜெயித்தார்கள். டைரக்டர்களில் மூன்று பேர் அவர்களுக்கு எதிராக ஒரு பக்கம், கார்னோவும் பார்த்தெலெமியும் மறுபக்கம். கலைக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. சண்டை வந்தால் யாரிடம் போய்ச் சொல்வது என்று 377 பிரிவில் ஒன்றிலும் இல்லை. செப்டம்பர் 4 அன்று பொனபார்ட் அனுப்பிய ஒழெரோ என்ற தளபதியின் சிப்பாய்கள் அவைக்குள் வந்தார்கள். 49 மாவட்டங்களின் தேர்தல் ரத்து. பார்த்தெலெமியைக் கயானாவுக்கு நாடு கடத்தினார்கள். கார்னோ தப்பி ஓடினார். அடுத்த வருஷம் ஜாக்கொபின்கள் ஜெயித்தார்கள். அதையும் ரத்து செய்தார்கள். 1799 ஜூனில் அவைகள் திருப்பிக் கொடுத்தன, டைரக்டர்களை நெருக்கி வெளியே தள்ளின.

இதில் என்னை உறுத்துவது ஒன்று உண்டு. சாசனத்தை மீறினால் தீர்ப்புச் சொல்ல ஒரு தனிச் சபை வேண்டும் என்று 1795-லேயே பேரவை உறுப்பினர் சியேயெஸ் கேட்டார். பேரவை ஒரே குரலில் நிராகரித்தது. நீங்கள் நீதிமன்றத்தில் இருந்தவர், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நடுவர் இல்லாத வழக்கில் கடைசியில் யார் பேச்சு எடுபடும்? சிப்பாயை வைத்திருப்பவன் பேச்சுதான்.

சாசனத்தைத் திருத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அதற்கும் வழி எழுதியிருந்தார்கள், மூன்று வருஷ இடைவெளியில் மூன்று முறை முன்மொழிய வேண்டும், மொத்தம் ஒன்பது வருஷ காலத்துக்குள். சாசனத்தின் ஆயுளோ நாலு வருஷம். அதனால்தான் 1799-இல் டைரக்டராகிவிட்ட அதே சியேயெஸ் குறுக்குவழி தேடினார், அதற்கு ஒரு தளபதியையும் தேடினார்.

அந்தக் குறுக்குவழிகூடச் சட்டப்படியே தொடங்கியது. ஆபத்து வந்தால் அவைகளை வேறு ஊருக்கு மாற்ற மூத்தோர் அவைக்கு அதிகாரம் உண்டு, 102-ஆம் பிரிவு. பாரிஸ் கூட்டத்திடமிருந்து தப்பிக்க எழுதிய பிரிவு அது. நவம்பர் 9 காலையில் ஜாக்கொபின் சதி என்று சொல்லி இரண்டு அவைகளையும் சான்-க்ளூவுக்கு மாற்றினார்கள். மறுநாள் அங்கே ஆரஞ்சு மரங்கள் வளர்க்கும் கூடத்தில் ஐந்நூற்றுவர் கூடியபோது காப்பாற்ற பாரிஸ் பக்கத்தில் இல்லை. பொனபார்ட் உள்ளே வந்ததும் தள்ளுமுள்ளு, கூச்சல். அவையின் தலைவராக இருந்த தம்பி லூசியன் வெளியே போய்ச் சிப்பாய்களிடம் பேசினார். தளபதி முராவின் முரசு கேட்டதும் சிலர் ஜன்னல் வழியாகக் குதித்து ஓடினார்கள். ராத்திரி அகப்பட்டவர்களைத் திரும்பக் கூட்டி வந்து ஓட்டெடுத்து, டைரக்டர்களுக்குப் பதிலாக, பொனபார்ட் உட்பட மூன்று கான்சல்களை நியமித்தார்கள். அதற்கும் ஒரு ஓட்டு தேவைப்பட்டது பாருங்கள்!

ஆகவே, எழுத்தில் கோளாறா ஆட்களில் கோளாறா என்றால், நான் எழுத்தைத்தான் முதலில் சொல்வேன். ஆட்கள் சுமாரானவர்கள்தான், பராஸ் மாதிரி லஞ்சத்துக்குப் பெயர்போனவர்களும் உண்டு. ஆனால் யோக்கியர்கள் ஐந்து பேரை உட்கார வைத்திருந்தாலும் 1797-இல் இதே முட்டுச்சந்தில்தான் வந்து நின்றிருப்பார்கள்.

அப்புறம், காரைக்காலில் இருந்துகொண்டு அந்தச் சாசனத்தை முழுசாகப் படித்தேன் என்கிறீர்கள், ஆனால் 7-ஆம் பிரிவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே? குடியரசின் பகுதிகள் என்று வரிசையாக வருமிடத்தில் புதுச்சேரி, சந்திரநாகூர், மாஹே, அப்புறம் உங்கள் ஊர். புதுச்சேரியை 1793 ஆகஸ்ட்டிலேயே பிரிட்டிஷார் பிடித்துவிட்டார்கள். பாரிஸில் அந்தப் பட்டியலை வாசித்தபோது அந்த ஊர்கள் எதுவும் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இல்லை. ஒரு தடவை எடுத்துப் பாருங்கள்.