பாட்டி கைக்குப் போன விளையாட்டு

கேள்வி: என் மகனுக்கு 22 வயது. இன்ஜினியரிங் முடித்திருக்கிறான். 'கிராண்ட்மாஸ் பாய்' என்ற ஆங்கிலப் படத்தை நண்பர்களோடு எத்தனை தடவை பார்த்தான் என்று கணக்கே இல்லை. அதில் வருகிறவனைப் போல, கேமை ஆடிப் பார்த்துப் பிழை கண்டுபிடிக்கிற வீடியோ கேம் டெஸ்டர் ஆகப்போகிறானாம். நானும் ஒருநாள் உட்கார்ந்து பார்த்தேன். எங்கு பார்த்தாலும் கஞ்சாப் புகை. ராத்திரியெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு ஏதோ கேம் செய்கிறான். கேட்டால், "உனக்குப் புரியாதும்மா" என்கிறான். பயமாக இருக்கிறது.
– வாசகி, ஈரோடு

பதில்: அன்புச் சகோதரி, அந்தப் படத்தை நானும் பார்த்திருக்கிறேன். 2006 ஜனவரியில் அமெரிக்காவில் வந்தது. விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள், தியேட்டரிலும் பெரிதாக ஓடவில்லை. அப்புறம் டிவிடியில் இளைஞர்கள் கைக்குப் போய் நிலைத்துவிட்டது. கொச்சையான படம்தான். நீங்கள் முகம் சுளித்ததில் தவறே இல்லை.

கஞ்சா விஷயத்தை முதலில் பேசிவிடுவோம். படத்தில் நாயகனின் பாட்டி தேயிலை என்று நினைத்து அதைக் கொதிக்கவைத்துக் குடிக்கிற காட்சிக்கு எல்லோரும் சிரிப்பார்கள். நிஜத்தில் வயதானவர் ஒருவர் தெரியாமல் உட்கொண்டால் நெஞ்சு படபடக்கும், தலை சுற்றிக் கீழே விழக்கூடும். நம் நாட்டில் 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி கொஞ்சம் கையில் வைத்திருந்தாலே ஓராண்டு வரை சிறை உண்டு. படம் பார்த்ததாலேயே பிள்ளை கெட்டுவிட்டான் என்று முடிவு கட்டாதீர்கள். "நீ தொட்டிருக்கிறாயா?" என்று நேராகக் கேளுங்கள். ஆமாம் என்றால் கத்தாமல், போதை மீட்புக்கான 14446 என்ற தேசிய உதவி எண்ணில் பேசுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். என் கவலை அங்கேதான். படத்தின் நாயகன் அலெக்ஸுக்கு 35 வயது. டெஸ்டர்களில் அவன்தான் மூத்தவன். அவர்கள் பொழுதெல்லாம் கும்மாளமாகப் போகிறது. உண்மையான டெஸ்டரின் நாள் அப்படி இருக்காது. ஒரே சுவரின் மூலையில் கதாபாத்திரத்தை இருநூறு முறை மோதவிட்டுப் பார்க்க வேண்டும். ஒருமுறை அது சுவருக்குள் புகுந்து கீழே விழுந்துவிட்டால், எந்த லெவல், எந்தப் பொத்தான், பத்துக்கு எத்தனை முறை விழுகிறது என்று பிசகாமல் எழுதித் தர வேண்டும். பொறுமைசாலிக்கு நல்ல வேலை. ஆனால் பல இடங்களில் ஒப்பந்த வேலை, சம்பளமும் குறைவு. 'கால் ஆஃப் டூட்டி' என்ற விளையாட்டில் பணியாற்றும் ரேவன் என்ற அமெரிக்க நிறுவனத்தில் 2021 டிசம்பரில் டெஸ்டர்கள் சிலரை நீக்கியபோது மற்றவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கி, அடுத்த மே மாதம் சங்கமே அமைத்தார்கள். இதை மகனிடம் சொல்லுங்கள். தெரிந்தே போகட்டும்.

அலெக்ஸ் இரவில் தனியாக 'டீமானிக்' என்றொரு விளையாட்டை உருவாக்குகிறான் இல்லையா? படத்தில் காட்டியது நிஜமாகவே டெக்சாஸில் ஒரு நிறுவனம் செய்துகொண்டிருந்த விளையாட்டு. ஒரு குழுவே உழைத்தும் அது கடைசிவரை வெளிவரவில்லை. அதே சமயம், 'ஸ்டார்ட்யூ வேலி' என்ற விளையாட்டை எரிக் பரோன் என்ற இளைஞர் தனியாளாக நாலரை ஆண்டு உழைத்து 2016-ல் கொண்டுவந்தார். அந்த நாட்களில் மாலையில் ஒரு அரங்கில் ஆட்களை இருக்கையில் அமர்த்தும் பகுதி நேர வேலையும் பார்த்தார். உங்கள் பிள்ளைக்கும் அதைத்தான் சொல்வேன். சின்னதோ பெரிதோ, சம்பளம் வருகிற ஒரு வேலை கையில் இருக்கட்டும். இரவு அவனுடையது.

இன்னொன்று. அலெக்ஸின் விளையாட்டை, அதே நிறுவனத்தில் கேம் உருவாக்குகிற ஜே.பி. என்பவன் திருடித் தன்னுடையது என்று முதலாளியிடம் காட்டிவிடுகிறான். அதனால் உங்கள் மகன் செய்கிற வேலையைத் தேதியோடு கிட்ஹப் போன்ற, நிரல்களைச் சேமித்து வைக்கும் இணையதளத்தில் தவறாமல் சேமிக்கச் சொல்லுங்கள்.

அந்தத் திருட்டை உடைத்தது யார் என்று கவனித்தீர்களா? பாட்டி. டோரிஸ் ராபர்ட்ஸ் அந்த வேடத்தில் அவ்வளவு அழகு. அலெக்ஸ் வீட்டில் ஆடக் கொடுத்ததால் அந்த விளையாட்டின் மூலைமுடுக்கெல்லாம் அவளுக்கு அத்துப்படி, ஜே.பி.யோடு மோதி ஜெயித்துக் காட்டுகிறாள். உங்கள் மகன் உங்களிடம் "புரியாதும்மா" என்கிறானே, அங்கேதான் அவன் தப்பு செய்கிறான். கேம் செய்கிறவர்களுக்கு, இதுவரை கேமே ஆடாத ஒருவர் முதல்முறை ஆடுவதைப் பக்கத்திலிருந்து பார்ப்பது பெரிய பாடம். எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரியாமல் நீங்கள் விழிக்கிற இடமெல்லாம் அவன் திருத்த வேண்டிய இடம்.

இன்று இரவு காபியோடு கதவைத் தட்டுங்கள். "முதல் லெவலை நான் ஆடிப் பார்க்கிறேன், குடுடா" என்று கேளுங்கள். அவன் குறுக்கே புகுந்து சொல்லித்தர வந்தால் தடுத்துவிடுங்கள். முடிந்ததும், எங்கே திணறினீர்கள் என்று அவனிடம் ஒன்றுவிடாமல் சொல்லுங்கள்.