45.5 டன்னில் கியூப் உடைந்தால் எம்20 வந்ததாகுமா?

கேள்வி: லேபில் கான்கிரீட் கியூபை அழுத்தி உடைத்துப் பார்க்கும் டெஸ்ட் மெஷினின் டயல் டன்னில் இருக்கிறது. 28 நாள் கியூப் 45.5 டன்னில் உடைந்தது. "பத்தால் பெருக்கி 22.5ஆல் வகுத்தால் 20.2, பாஸ்" என்கிறார்கள். சரியா?

சரியில்லை. 19.8தான் வருகிறது. எம்20 என்றால் 28 நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்க வேண்டிய கான்கிரீட்.

டயலில் டன் என்று போட்டிருந்தாலும் அங்கே யாரும் எதையும் நிறுக்கவில்லை. கியூபின் மேல் விழும் அழுத்து விசையைத்தான் முள் காட்டுகிறது. ஒரு டன் விசை 9.80665 கிலோநியூட்டன். 45.5ஐ அதால் பெருக்கினால் 446.2 கிலோநியூட்டன். கியூபின் முகம் 150க்கு 150, அதாவது 22,500 சதுர மில்லிமீட்டர். 446.2ஐ 22.5ஆல் வகுத்தால் 19.83 நியூட்டன்/சதுர மி.மீ. 20 வர வேண்டுமானால் முள் 45.9 டன்னைத் தொட்டிருக்க வேண்டும். எம்25க்கு 57.4, எம்30க்கு 68.8. இந்த மூன்று எண்ணையும் மெஷின் பக்கத்துச் சுவரில் எழுதி வைத்தால் கால்குலேட்டரே வேண்டாம்.

அதற்காக ஒரு கியூபை வைத்துத் தூணை இடிக்கக் கிளம்பிவிடாதீர்கள். மூன்று கியூபின் சராசரிதான் கணக்கு, ஒவ்வொன்றும் சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. ஏற்பதா மறுப்பதா என்பதற்கு ஐஎஸ் 456இல் (கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி) தனி விதி இருக்கிறது. நான் சொல்வது அலகு மாற்றத்தை மட்டும்.

"இரண்டு சதவீதத்துக்கு இவ்வளவு பேச்சா, மெஷினிலேயே பிழை இருக்குமே" என்று யாராவது கீழே எழுதுவார்கள். மெஷினின் பிழை இந்தப் பக்கமும் போகலாம், அந்தப் பக்கமும் போகலாம். பத்தால் பெருக்கும் பிழை எப்போதும் காண்ட்ராக்டர் பக்கமே சாயும். பாரம் கணக்கிடும்போது பத்து போடுங்கள், தப்பில்லை. மொட்டை மாடியில் ஒரு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும் தொட்டி, தன் அடியில் சதுர மீட்டருக்கு 9.81 கிலோநியூட்டன் பாரம் வைக்கும். அதை 10 என்று எடுத்தால் ஸ்லாப் கொஞ்சம் கூடுதல் பலமாகும், அவ்வளவுதான். (ஆட்கள் ஏறும் மாடிக்கு எடுக்கும் பாரம் 1.5தான் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். தொட்டியைக் கண்ட இடத்தில் வைப்பவர்கள் யோசிப்பதில்லை.) ஆனால் தாங்கும் பலத்தைக் கணக்கிடும்போது அதே பத்து, இல்லாத பலத்தை இருப்பதாகக் காட்டுகிறது.

"ஐஎஸ் விதியே பத்தால்தானே வகுத்தது" என்றும் வாதம் வரும். உண்மைதான், பழைய வரைபடங்களில் எம்200 என்று இருக்கும். அது கிலோ/சதுர செ.மீ. கணக்கு. 1978 திருத்தத்தில் அது எம்20 ஆனது. 200 கிலோ/சதுர செ.மீ. என்பது உண்மையில் 19.6 நியூட்டன்தான். ஆனால் எம்20 என்று பெயர் வைத்த பிறகு கேட்பது 20 நியூட்டன், 19.6 இல்லை.

டயல் ரொம்பப் பழையதாக இருந்தால் எந்த டன் என்றும் பாருங்கள். பிரிட்டிஷ் டன் 1,016 கிலோ, அமெரிக்க டன் 907 கிலோ. காலிபரேஷன் சான்றிதழில் கிலோநியூட்டனில் எண் இருந்தால் டயலை விட்டுவிட்டு அதை எடுங்கள்.

இன்னொரு குழப்பம் கியூபைத் தராசில் வைக்கும்போது. 8.1 கிலோ காட்டும். அது நிறை. அடர்த்தி வேண்டுமானால் 0.003375 கன மீட்டரால் வகுங்கள், 2,400 கிலோ/கன மீட்டர் வரும். இதில் 9.81க்கு வேலையே இல்லை. எங்கே கிலோ கண்டாலும் 9.81 போடும் பழக்கம் பள்ளிக்கூடத்தில் நிறையையும் எடையையும் குழப்பியதால் வந்தது.

சென்னையில் புவியீர்ப்பு 9.783தானே, அதைப் போடக் கூடாதா என்றால், கூடாது. கிலோகிராம் விசைக்கு 9.80665 என்பது அளந்த எண் இல்லை, 1901இல் பாரிஸ் மாநாட்டில் நிர்ணயித்தது. ஊருக்கு ஊர் மாறாது. நிஜமான படிக்கல்லைத் தொங்கவிட்டு விசை உண்டாக்கினால் மட்டும்தான் அந்த ஊர் எண்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். அலகு தப்பாவதை விட அதிகம் தப்பாவது பம்ப் வேகம், அதாவது மெஷின் விசையை ஏற்றும் வேகம். விதிப்படி நிமிடத்துக்குச் சதுர மி.மீ.க்கு 14 நியூட்டன் என்றால் உங்கள் டயலில் நிமிடத்துக்குச் சுமார் 32 டன். 45.5 டன் வர ஏறக்குறைய 85 விநாடி ஆக வேண்டும். சாயங்காலம் வரிசையாக முப்பது கியூப் காத்திருந்தால் வால்வை முழுக்கத் திறந்து அரை நிமிடத்தில் உடைத்துத் தள்ளுகிறார்கள். வேகமாக அழுத்தினால் கியூப் கூடுதலாகத் தாங்குவது போலக் காட்டும். உங்களுடையது எத்தனை விநாடியில் உடைந்தது என்று கேட்டுப் பாருங்கள்.