ராத்திரி தானாக ரீஸ்டார்ட் ஆன சர்வர்: லாக் எங்கே தேடுவது? கேள்வி பதில்

வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். கட்டளைகளை ஒலிப்படி தமிழிலேயே எழுதுகிறேன், டெர்மினலில் சின்ன ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள். ஒற்றை எழுத்து ஆப்ஷன் தமிழில் குழப்பும் என்பதால் முடிந்த இடத்தில் முழுப்பெயர் ஆப்ஷனையே தருகிறேன்.

கேள்வி: அண்ணா, ஆபீஸ் உபுண்டு சர்வர் ராத்திரி தானாக ரீஸ்டார்ட் ஆகியிருக்கிறது. டிமெஸ்ஜி அடித்தால் பூட் ஆன பிறகு நடந்தது மட்டும்தான் வருகிறது. அதற்கு முன் நடந்ததை எப்படிப் பார்ப்பது?

டிமெஸ்ஜி காட்டுவது கெர்னலின் (சிஸ்டத்தின் மையப் புரோகிராம்) ரிங் பஃபர், அதாவது நிறைந்தால் பழையதன் மேலேயே எழுதிக்கொள்ளும் செய்திப் பட்டியல், அது ரேமில் இருப்பது, மெஷின் விழுந்தால் அதுவும் போச்சு. நீங்கள் கேட்கவேண்டியது ஜர்னலை, அதாவது சிஸ்டம்டி எல்லாச் செய்திகளையும் சேர்த்து வைக்கும் லாக். முதலில் "ஜர்னல்சிடிஎல் --லிஸ்ட்-பூட்ஸ்". அதில் 0 என்பது இப்போது ஓடுவது, -1 என்பது இதற்கு முந்தைய பூட். அப்புறம் "ஜர்னல்சிடிஎல் --பூட்=-1 --பேஜர்-எண்ட்" அடித்தால் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போய்விடும்.

அங்கே எரர் தேடுவதற்கு முன்னால் முடிவு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். சர்வீஸ்கள் ஒவ்வொன்றாக நின்று, கடைசியில் ரீபூட் டார்கெட் வரை வந்திருந்தால் யாரோ அல்லது ஏதோ ஒரு ஆட்டோ அப்டேட் முறையாக ரீஸ்டார்ட் செய்திருக்கிறது. சாதாரணமாக ஓடிக்கொண்டிருந்த லாக் பாதியில் அறுந்து நின்றால் பவர், ஹார்டுவேர், அல்லது கெர்னல் பேனிக் (மீளமுடியாத பிழையில் கெர்னலே நின்றுபோவது). பேனிக் செய்தி பல நேரம் டிஸ்க்குக்கு எழுதப்படும் முன்பே மெஷின் நின்றுவிடும், அதனால் /வார்/லிப்/சிஸ்டம்டி/பிஸ்டோர் ஃபோல்டரையும் ஒரு எட்டு பார்த்துவிடுங்கள், ஏதாவது மிச்சம் இருந்தால் அங்கே இருக்கும்.

கேள்வி: எனக்கு லிஸ்ட்-பூட்ஸில் ஒரே ஒரு வரிதான் வருகிறது.

உங்கள் ஜர்னல் டிஸ்க்கில் சேமிக்கப்படவில்லை. ஜர்னலை எழுதும் சர்வீஸான ஜர்னல்டியின் ஸ்டோரேஜ் அமைப்பு இப்படிப்பட்ட மெஷினில் பெரும்பாலும் ஆட்டோ. அதாவது /வார்/லாக்/ஜர்னல் என்ற ஃபோல்டர் இருந்தால் அங்கே எழுதும், இல்லையென்றால் /ரன்/லாக்/ஜர்னல், அது ரேம். அந்த ஃபோல்டரை உருவாக்கி சிஸ்டம்டி-ஜர்னல்டி சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். போனது போனதுதான், இனி நடப்பது தங்கும். இடத்தைத் தின்றுவிடுமோ என்ற பயம் வேண்டாம், அந்த ஃபைல்சிஸ்டத்தின் 10 சதவீதம், அதிகபட்சம் 4 ஜிபி என்று அதற்கே ஒரு வரம்பு உண்டு.

கேள்வி: ஆயிரக்கணக்கில் வரி கொட்டுகிறது சார். எரர் மட்டும் எடுக்க?

"--பிரயாரிட்டி=எர்" சேர்த்தால் 0 முதல் 3 வரையிலான நிலைகள் மட்டும் வரும். ஆனால் ஹார்டுவேர் சந்தேகத்துக்கு நான் அதோடு நிற்கமாட்டேன். தானே திருத்திக்கொண்ட பிழைகளைக் கெர்னல் பலமுறை வார்னிங் என்றோ வெறும் தகவல் என்றோதான் எழுதும், எரர் ஃபில்டரில் அவை கண்ணிலேயே படாது. "ஜர்னல்சிடிஎல் --டிமெஸ்ஜி --பூட்=-1 --பிரயாரிட்டி=வார்னிங்" அடியுங்கள், வருகிற வரி படிக்கிற அளவில் இருந்தால் ஃபில்டரையே எடுத்துவிட்டுப் படியுங்கள்.

கேள்வி: ஜர்னல் பாதியில் அறுந்திருக்கிறது, காரணம் எதுவும் இல்லை. ரேக் சர்வர். ஹார்டுவேர் தனியாக லாக் வைத்திருக்கும் என்கிறார்களே?

ஆமாம், நிறையப் பேர் பார்க்காமல் விடும் இடம் அதுதான். சர்வர் மதர்போர்டில் பிஎம்சி என்று ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் தனியாக இருக்கிறது (டெல்லில் ஐடிராக், ஹெச்பிஇயில் ஐஎல்ஓ). பவர் சப்ளைக்குக் கரண்ட் வருகிற வரைக்கும் சர்வர் அணைந்திருந்தாலும் அது விழித்திருக்கும், கடை மூடினாலும் வாசலில் உட்கார்ந்திருக்கிற வாட்ச்மேன் மாதிரி. அது எழுதுவது சிஸ்டம் ஈவென்ட் லாக், சுருக்கமாக செல்.

பிஎம்சியோடு பேசும் கருவி ஐபிஎம்ஐடூல். "சூடு ஐபிஎம்ஐடூல் செல் ஈலிஸ்ட்" அடியுங்கள் (சூடு என்பது அட்மின் உரிமையோடு ஓட்டச் சொல்லும் கட்டளை). வெறும் லிஸ்டை விட ஈலிஸ்ட் நல்லது, சென்சார் எண்ணுக்குப் பதில் பெயரைக் காட்டும். டிவைஸ் திறக்கவில்லை என்று சொன்னால் ஐபிஎம்ஐ_எஸ்ஐ, ஐபிஎம்ஐ_டெவ்இன்டிஎஃப் இரண்டு கெர்னல் மாட்யூலையும் மோட்புரோப் கட்டளையால் ஏற்றுங்கள். மெஷினே எழவில்லை என்றால் வேறு மெஷினிலிருந்து "ஐபிஎம்ஐடூல் -ஐ லான்பிளஸ் -ஹெச் முகவரி -யூ யூசர் -ஏ செல் ஈலிஸ்ட்". முதல் மூன்று ஆப்ஷனும் கேப்பிடல், கடைசி ஏ சின்னது, அது பாஸ்வேர்டைத் தனியாகக் கேட்கும். பாஸ்வேர்டைக் கட்டளையிலேயே எழுதினால் ஷெல் ஹிஸ்டரியில் உட்கார்ந்துகொள்ளும். யூடிபி 623 போர்ட் திறந்திருக்கவேண்டும், ஆனால் மேனேஜ்மென்ட் நெட்வொர்க்குக்குள் மட்டும், இன்டர்நெட்டுக்குத் திறந்து வைத்தால் கேட்டு வாங்கிக்கட்டிக்கொள்வது போலத்தான்.

இன்னொன்று. செல் நேரத்தை அப்படியே நம்பாதீர்கள். பிஎம்சிக்குத் தனிக் கடிகாரம், பல இடங்களில் யூடிசியில் (உலகப் பொது நேரம்) ஓடும், சில இடங்களில் யாருமே நேரம் வைத்திருக்கமாட்டார்கள், 1970 என்று காட்டும். "செல் டைம் கெட்" அடித்து உங்கள் கடிகாரத்தோடு ஒப்பிட்டு வித்தியாசத்தைக் குறித்துக்கொண்ட பிறகே ஜர்னலோடு பொருத்துங்கள். இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் தள்ளி ஒரு பவர் சப்ளை ஈவென்ட் தெரிந்தால் அது வேறு சம்பவமாக இருக்காது, பெரும்பாலும் நீங்கள் தேடுவதேதான்.

கேள்வி: செல் நிறைந்துவிட்டது என்று வருகிறது. கிளியர் செய்யலாமா?

செய்யவேண்டும், ஏனென்றால் நிறைந்தபின் புதிதாக எழுதுவதையே நிறுத்திவிடும் பிஎம்சிகள் உண்டு. ஆனால் முதலில் ஈலிஸ்ட் வெளியீட்டை ஒரு ஃபைலில் போட்டுவிட்டு "செல் கிளியர்". வாரன்டிக்குப் போன் செய்தால் முதலில் கேட்பது அதைத்தான்.

கேள்வி: கரெக்டபிள் ஈசிசி என்று அடிக்கடி வருகிறது. பயப்படலாமா?

ஈசிசி என்பது ரேம் தன் பிழையைத் தானே கண்டுபிடித்துத் திருத்தும் வசதி, கரெக்டபிள் என்றால் திருத்திவிட்டது என்று அர்த்தம். எப்போதோ ஒன்று என்றால் விடுங்கள். ஒரே டிம் (ரேம் அட்டை) ஸ்லாட்டில் திரும்பத் திரும்ப வந்தால் அந்த ரேமை மாற்றத் திட்டமிடுங்கள். அன்கரெக்டபிள் என்று வந்தால் திட்டமெல்லாம் இல்லை, உடனே. இந்தப் பிழைகளைப் பதிவு செய்யும் ராஸ்டீமன் நிறுவி "ராஸ்-எம்சி-சிடிஎல் --சம்மரி" பார்த்தால் கணக்கு வரும்.

கேள்வி: டிஸ்க்குக்கு?

"ஸ்மார்ட்சிடிஎல் --ஆல் /டெவ்/எஸ்டிஏ". மேலே பாஸ்டு என்று போட்டிருப்பதை வைத்து நிம்மதி அடையாதீர்கள். ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் கீழே வரும் பட்டியலில் 5, 197, 198 என்ற எண்ணுள்ள வரிகளில் (கெட்டுப்போன, சந்தேகத்துக்குரிய செக்டார்களின் கணக்கு) கடைசி மதிப்பு மூன்றும் பூஜ்ஜியமா என்று பாருங்கள், ஏறிக்கொண்டே போனால் பேக்கப் எடுங்கள். 199 (கேபிள் வழியே தகவல் போகும்போது வரும் பிழை) மட்டும் ஏறினால் டிஸ்க்கைக் குறை சொல்லும் முன் கேபிளை மாற்றுங்கள்.

கேள்வி: வீட்டு விண்டோஸ் பிசி. கெர்னல்-பவர் 41 என்று காட்டுகிறது. பவர் சப்ளை போய்விட்டதா?

41 அப்படிச் சொல்லவில்லை. முறையாக ஷட்டவுன் ஆகவில்லை என்று அடுத்த பூட்டில் எழுதிவைக்கும் குறிப்பு அது, காரணம் இல்லை. "டபிள்யூஇவிடியுடில் க்யூஇ சிஸ்டம் /சி:50 /ஆர்டி:ட்ரூ /எஃப்:டெக்ஸ்ட்" அடித்தால் கடைசி 50 ஈவென்ட் புதியது முதலில் வரும். 41ஐ ஒட்டி வீயா-லாகர் (விண்டோஸ் ஹார்டுவேர் பிழைகளை எழுதும் பெயர்) என்று இருந்தால் பிராசசர், மெமரி, பிசிஐ பக்கம் தேடுங்கள். ஈவென்ட் எண் 1074 இருந்தால் யார் ரீஸ்டார்ட் செய்தது என்ற பெயரோடு இருக்கும். 41க்குள் பக்செக்கோட் (ப்ளூ ஸ்கிரீன் பிழையின் எண்) 0 என்றால் ப்ளூ ஸ்கிரீன் பதிவாகவில்லை, பவர் மேல் சந்தேகம் கொஞ்சம் கூடலாம்.

கேள்வி: லேப்டாப்பில் ஐபிஎம்ஐடூல் வேலை செய்யவில்லை.

செய்யாது. சாதாரண லேப்டாப்பில் பிஎம்சி கிடையாது. விர்ச்சுவல் மெஷினிலும் அதே கதைதான், அடியில் இருக்கும் ஹோஸ்டின் லாக்கைத்தான் கேட்டு வாங்கவேண்டும்.

கேள்வி: சூடு உரிமை இல்லாத யூசரில் ஜர்னல்சிடிஎல் அடித்தால் என்னுடைய செய்திகள் மட்டும் வருகின்றன.

அட்மினிடம் சொல்லி உங்களை சிஸ்டம்டி-ஜர்னல் குரூப்பில் சேர்க்கச் சொல்லுங்கள், உபுண்டுவில் ஏடிஎம் குரூப்பும் போதும். சேர்த்த பிறகு லாக்அவுட் செய்து மறுபடி உள்ளே வாருங்கள், அப்போதுதான் பிடிக்கும்.