அமிலமும் காரமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: சம செறிவுள்ள அமிலத்தையும் காரத்தையும் சம அளவு கலந்தால் பி.எச். 7 தானே வரவேண்டும்? அசிட்டிக் அமிலத்துடன் எரிசோடா (சோடியம் ஹைட்ராக்சைடு என்னும் காரம்) சேர்த்தபோது 8-ஐத் தாண்டிவிட்டது.
– பிளஸ் 2 மாணவி, பண்ருட்டி

பதில்: உங்கள் அளவீடு சரி. பி.எச். என்பது அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு; 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். அமிலம் தீர்ந்தபின் குடுவையில் என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்றால் மிஞ்சுவது சாதாரண உப்பும் நீரும். 25 டிகிரி செல்சியஸில் பி.எச். 7 வரும். அசிட்டிக் அமிலமோ வலிமை குறைந்தது. அதிலிருந்து வரும் அசிட்டேட் அயனி நீரிடமிருந்து புரோட்டானைப் பிடுங்கிக்கொள்வதால் காரத்தன்மை தரும் ஹைட்ராக்சைடு கூடுகிறது. 0.1 மோலார் கரைசல்களில் பி.எச். ஏறத்தாழ 8.7. ஆகவே தரம்பார்த்தலுக்கு (அமிலத்தின் அளவைக் காரத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துக் கண்டறிவது), நிறம் மாறி முடிவைக் காட்டும் பொருள்களில் பினாப்தலீனே பொருத்தம். மெத்தில் ஆரஞ்சு 4.4-க்குள்ளேயே நிறம் மாறி, பாதிகூட முடியாத வினையை முடிந்ததாகக் காட்டும். பதிவேட்டில் 7 என்று மட்டும் திருத்தி எழுதிவிடாதீர்கள்.

கேள்வி: எங்கள் வயல் களர் நிலம். ஜிப்சம் போடச் சொல்கிறார்கள். அது அமிலமா?
– விவசாயி, பரங்கிப்பேட்டை

பதில்: இல்லை, கால்சியம் சல்பேட் என்னும் உப்பு. களர் மண்ணின் காரத்தன்மைக்கு முக்கியக் காரணம் சோடியம் கார்பனேட். ஜிப்சத்திலுள்ள கால்சியம் அந்தக் கார்பனேட்டைக் கரையாத கால்சியம் கார்பனேட்டாகப் படியவைக்கிறது; களிமண்ணில் ஒட்டியிருக்கும் சோடியத்தையும் பெயர்த்துவிடுகிறது. பெயர்ந்த சோடியம் சல்பேட்டாக நீரில் கரைந்து நிற்கும். நல்ல தண்ணீரைத் தேக்கி அதை வடித்து வெளியேற்றினால்தான் பலன். வடிகால் இல்லாத வயலில் ஜிப்சம் கொட்டுவது வீண் செலவு. இதை அழுத்தியே சொல்கிறேன்.

முதலில் மண்ணைப் பரிசோதியுங்கள். பி.எச். 8.5-க்கு மேல் இருந்து சோடியமும் மிகுந்திருந்தால் களர். பி.எச். அதற்குள் இருந்து உப்பு மட்டும் அதிகம் என்றால் அது உவர். ஜிப்சம் வேண்டாம், நல்ல நீரால் அலசி வடித்தால் போதும். கடலோர ஊர்களில் இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பணத்தை இழப்பவர்கள் உண்டு என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

கேள்வி: மஞ்சள் கறையில் சோப்புப் போட்டதும் சிவந்துவிட்டதே?
– இல்லத்தரசி, வில்லியனூர்

பதில்: மஞ்சளிலுள்ள குர்குமின் காரம் பட்டால் செம்பழுப்பாகும். நன்றாக அலசினால் மீண்டும் மஞ்சளாகும். பிறகு வெயிலில் காயவையுங்கள். கறை மெல்ல வெளுக்கும்.

கேள்வி: கையில் ஆசிட் தெறித்தால் சுண்ணாம்பு தடவலாமா?
– தொழிலாளி, கடலூர் முதுநகர்

பதில்: கூடவே கூடாது. வலிமையான அமிலமும் காரமும் சேரும்போது மோலுக்குச் சுமார் 57 கிலோஜூல் வெப்பம் வெளிப்படுகிறது. புண்ணின் மேல் சூடும் சேரும். சுண்ணாம்பே தோலை அரிக்கக்கூடியது. ஆசிட் பட்ட துணியை உடனே கழற்றிவிட்டு, குழாய் நீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவுங்கள். கண்ணில் பட்டிருந்தாலும் தண்ணீர்தான் முதலில், பிறகு தாமதமின்றி மருத்துவமனை.