அடுப்படிக் கடிதங்கள்: எலுமிச்சங்காய் அளவு புளி என்றால் எவ்வளவு?

மயிலாடுதுறையில் பிறந்து, இப்போது பெங்களூரில் இருக்கும் வாசகி கேட்கிறார்:

என் மாமியார் வைக்கும் வத்தக்குழம்பு மாதிரி எனக்கு வரவே மாட்டேன் என்கிறது. போனில் கேட்டு எழுதிக்கொண்டேன். "எலுமிச்சங்காய் அளவு புளி, ஒரு கை சுண்டைக்காய் வத்தல், நல்லெண்ணெயைக் கொஞ்சம் தாராளமா விடு, உப்பு கண்ணளவு" என்றார். மூன்று தடவை செய்துவிட்டேன். ஒரு தடவை கரித்தது, ஒரு தடவை கைத்தது, மூன்றாம் தடவை தண்ணீராய் நின்றது. எங்கே தப்பு அம்மா?

உங்கள் அத்தை சரியாகத்தான் சொல்லியிருக்கிறார் தாயி. அவர் கைக்கு அந்தக் கணக்கு போதும். உங்களுக்கு வேண்டியது அந்தக் கையின் எடை.

நான் செய்ததைச் சொல்கிறேன். எங்கள் ஊர் பாபநாசத்துக்குப் பக்கம், குடமுருட்டிக் கரை. அம்மாவுக்கு 80 வயது தாண்டியபோது ஒரு சின்ன டிஜிட்டல் தராசை வாங்கிக்கொண்டு ஒரு வாரம் அவள் அடுப்படியில் போய் உட்கார்ந்தேன். அம்மாவை எதையும் அளந்து போடச் சொல்லவில்லை. சொன்னால் கை தடுமாறிப்போகும். அவள் குளிக்கப் போகும் நேரத்தில் உப்புச் சாடி, புளிப் பானை, எண்ணெய்த் தூக்கு, தூள் டப்பா எல்லாவற்றையும் எடை போட்டு எழுதி வைத்துவிடுவேன். குழம்பு இறக்கியதும் மறுபடி எடை. எவ்வளவு குறைந்திருக்கிறதோ அதுதான் அம்மா போட்ட அளவு.

அம்மா சொன்ன எலுமிச்சங்காய் அளவு புளி 38 கிராம். அதே பேரைச் சொல்லிக்கொண்டு முப்பது வருஷமாக நான் உருட்டிய புளி 22 கிராம். ஆறு பேருக்கான குழம்புக்கு அவள் விட்ட நல்லெண்ணெய் 70 கிராம். நான் அதில் பாதிகூட விட்டதில்லை. என் குழம்பு ஏன் அம்மா குழம்பாகவில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

உப்பைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். அம்மா ஐந்து விரலையும் கூட்டித்தான் உப்பு அள்ளுவாள். ஆனால் அவள் சுண்டுவிரல் வாதத்தில் விறைத்து விலகியே நிற்கும். சாடியிலிருந்து கை வெளியே வரும்போது அந்த இடுக்கு வழியாக நாலைந்து கல் திரும்பச் சாடிக்குள்ளேயே உதிரும். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. உதிர்வது போக மிச்சம் இருப்பதுதான் அவள் கண்ணளவு. "அஞ்சு விரல்ல எடுத்துப் போடு" என்று அவள் சொன்னதை அப்படியே செய்தால் எனக்குக் கரிக்காமல் என்ன செய்யும்?

உங்களுக்குக் கரித்ததற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். நம் பக்கத்து அடுப்படிகளில் பெரும்பாலும் வேதாரண்யம் கல்லுப்புதான். 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்துபோய் அள்ளினாரே, அந்தக் கரை உப்பு. கல்லுப்பு கரண்டியில் இடைவெளி விட்டு உட்காரும். தூளுப்பு நெருங்கி உட்காரும். அதே கரண்டிக்குத் தூளுப்பின் எடை கூடுதல். அத்தை கல்லுப்பைச் சொல்ல, நீங்கள் தூளுப்பைப் போட்டிருப்பீர்கள்.

கைத்தது வத்தல் தீய்ந்ததால். சுண்டைக்காய்க்கு இயல்பிலேயே கைப்பு உண்டு. எண்ணெயில் பழுப்பு ஏறிய உடனே அரித்து எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள். கறுக்கும் வரை விடக் கூடாது. வெந்தயம் தாளிக்கும்போதும் அப்படித்தான், சிவந்த மறு நொடி அடுத்த பொருள் விழவேண்டும்.

தண்ணீராய் நின்றதற்கு, அத்தை எந்தப் பாத்திரத்தில் வைக்கிறார் என்று கேளுங்கள். கல்சட்டி என்றுதான் சொல்வார் என்று நினைக்கிறேன். கல்சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் குழம்பு தளதளவென்று கொதித்துக்கொண்டே இருக்கும். அந்தச் சூட்டிலேயே மேலும் சுண்டும். அதனால் அவர் கொஞ்சம் தளர்வாக இருக்கும்போதே இறக்கிவிடுவார். எவர்சில்வர் பாத்திரத்தில் அது நடக்காது. எண்ணெய் பிரிந்து ஓரத்தில் மிதக்கிற வரை அடுப்பிலேயே வைத்திருங்கள். இதை யாரும் குறிப்பில் எழுதமாட்டார்கள், அவர்களுக்கே தெரியாமல் சட்டி செய்கிற வேலை அது.

புளி பழையதா புதுசா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு வருஷம் பானையில் கிடந்து கறுத்த புளியில்தான் வத்தக்குழம்புக்கு அந்த நிறம் வரும்.

அடுத்த தடவை மயிலாடுதுறை ரயில் ஏறும்போது பையில் ஒரு தராசையும் போட்டுக்கொள்ளுங்கள். பண்டிகை நாளில் வேண்டாம். சாதாரணச் செவ்வாய், புதன் போதும்.

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி:

கடப்பாவுக்குத் தக்காளி போடலாமா? என் தோழி போடுகிறாள், என் அம்மா திட்டுகிறாள்.

நான் உங்கள் அம்மா கட்சி. வெந்த பாசிப்பருப்பு, உதிர்த்த உருளைக்கிழங்கு, அதில் தேங்காயோடு பொட்டுக்கடலை, கசகசா, சோம்பு, பச்சைமிளகாய் அரைத்து ஊற்றிக் கொதிக்கவிட்டால் வெளுப்பும் மஞ்சளுமாக ஒரு நிறம் வரும். தக்காளி அதைக் கெடுத்துக் குருமாவாக்கிவிடும். புளிப்புக்கு, இறக்கியபின் எலுமிச்சம்பழம் பிழியுங்கள். கொதிக்கும்போது பிழிய வேண்டாம். இட்லி தயாரான பிறகு கடப்பாவை இறக்குங்கள், ஆறினால் கெட்டிப்பட்டுப்போகும்.

திருவாரூரிலிருந்து ஒரு வாசகி:

பரணில் அப்பாயியின் ஈயச்சொம்பு கிடைத்தது. ரசம் வைக்க ஆசை. ஆனால் ஈயம் விஷம் என்கிறாள் மகள். அடுப்பில் வைத்தால் உருகிவிடும் என்கிறார் வீட்டுக்காரர். யார் சொல்வது சரி?

இரண்டு பேர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. ரசச் சொம்பு செய்வது வெள்ளீயத்தில். விஷம் என்று மகள் சொல்வது காரீயம், அது வேறு உலோகம். பேர் ஒன்றுபோல் இருப்பதால் குழம்பிப்போகிறோம். ஆனால் விலை மலிவு என்று காரீயம் கலந்து செய்த சொம்புகளும் உண்டு, அதனால் மகளின் பயத்தைத் தள்ளிவிடாதீர்கள். ஈயப் பாத்திரம் விற்கும் பழைய கடையிலோ, உலோகம் சோதிக்கும் இடத்திலோ ஒருமுறை காட்டிவிடுங்கள். சந்தேகம் தீராவிட்டால் அப்பாயி நினைவாக அலமாரியில் இருக்கட்டும், அதில் ரசம் வேண்டாம்.

உருகுவதும் உண்மை. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகும். உள்ளே ரசம் இருக்கிற வரை சூடு 100 டிகிரியைச் சுற்றியே நிற்கும், சொம்புக்கு ஒன்றும் ஆகாது. காலிச் சொம்பை வைத்தாலோ, தீ பக்கவாட்டில் ஏறித் தண்ணீர் இல்லாத இடத்தைத் தொட்டாலோ போச்சு. கல்யாணமாகி வந்த வருஷம் என் மாமியார் சொம்பை நான் அடுப்பில் வைத்துவிட்டு, புளி கரைக்கப் பின்கட்டுக்குப் போனேன். திரும்பி வருவதற்குள் அடிப்பக்கம் வெள்ளிபோல மின்னிக்கொண்டு விறகுச் சாம்பலில் சொட்டிக் கிடந்தது. மாமியார் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது அவர் அம்மா கொடுத்த சீர். அந்த வருத்தம் எனக்கு இன்றைக்கும் போகவில்லை.

புளித்தண்ணீரை ஊற்றிய பிறகே அடுப்பை மூட்டுங்கள். சின்னத் தீ. தாளிப்பைத் தனிக் கரண்டியில் செய்து கொட்டுங்கள். நுரை கட்டி எழும்பியதும் இறக்கிவிடுங்கள்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒரு வாசகர்:

மாப்பிள்ளைச் சம்பாவில் இட்லி செய்தால் கல்லாகிறது. என்ன செய்யலாம்?

முழுக்க அதையே போடாதீர்கள் தம்பி. சிவப்புத் தவிட்டோடு இருக்கிற அரிசி, தண்ணீர் இறங்கவே நேரம் பிடிக்கும். ராத்திரி முழுக்க ஊறட்டும். பாதி அது, பாதி சி.ஆர். 1009 என்கிற நெல் ரகத்துப் புழுங்கலரிசி என்று கலந்து, நாலுக்கு ஒன்று உளுந்து போட்டால் மெத்தென்று வரும். உளுந்தைக் குறைக்க வேண்டாம்.

அந்த அரிசியை விட்டுவிடவும் வேண்டாம். உங்கள் ஊர்ப் பக்கத்து ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் 2006-லிருந்து பாரம்பரிய நெல்லுக்காக நெல் திருவிழா நடத்தினார். இரண்டு கிலோ விதை கொடுப்பார், மறு வருஷம் நாலு கிலோவாகத் திருப்பித் தரவேண்டும். அப்படித்தான் இந்த நெல்லெல்லாம் மறுபடி வயலுக்கு வந்தது. 2018-ல் அவர் போய்விட்டார். அந்த விதை இன்னும் கைமாறிக்கொண்டிருக்கிறது. இட்லிக்கு இல்லாவிட்டாலும் கஞ்சிக்கு அதை மிஞ்ச ஒன்றுமில்லை.

தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகர்:

அம்மா போன தை மாதம் தவறிவிட்டார். அவர் வைக்கும் விரால் மீன் குழம்புபோல எங்கும் சாப்பிட்டதில்லை. பால் கணக்கு நோட்டின் பின்பக்கம் அவர் கையெழுத்தில் ஒரே வரிதான் இருக்கிறது: "விரால் - மாங்காய் 6 துண்டு, தலை முதலில்." ஐப்பசியில் கடை மாங்காய் போட்டுச் செய்துபார்த்தோம். ஒரே புளிப்பு. அதைத் திரும்பக் கொண்டுவர முடியுமா அம்மா?

முடியும் தம்பி. அந்த ஒரு வரியில் உங்கள் அம்மா நிறையச் சொல்லியிருக்கிறார். உங்கள் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன்.

முதலில் மாங்காய். ஜனவரி 28-ல் மேட்டூர் அணையை மூடினால் அடுத்த ஜூன் 12 வரை ஆற்றில் தண்ணீர் வராது என்பதுதான் நம் பக்கத்து வழக்கமான கணக்கு. பங்குனி, சித்திரையில் குளம் வற்றும். விரால் சேற்றுக்குள் புதைந்து கிடக்கும், ஊரே இறங்கிப் பிடிக்கும். கொல்லையில் மாங்காய் தொங்குவதும் அப்போதுதான். ஆக, உங்கள் அம்மா எழுதியது கோடைக் குழம்பு. மாங்காய் போடுகிற அன்றைக்குப் புளியைக் குறைத்திருப்பார். அதை எழுதவேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றியிருக்காது, அவ்வளவு இயல்பான காரியம். நீங்கள் ஐப்பசிக் குழம்புக்கு உண்டான முழுப் புளியும் கரைத்து, மாங்காயும் போட்டிருக்கிறீர்கள். பாதியாகக் குறையுங்கள்.

அடுத்தது தலை. விரால் தலை கனமானது, எலும்புக்குள் குழம்பு இறங்க நேரம் வேண்டும். தலையைப் போட்டு ஐந்து நிமிஷம் கொதித்த பிறகு நடுத்துண்டு, கடைசியில் வால். மாங்காயை எப்போது போடுவது என்று அவர் எழுதவில்லை. நான் மீன் பாதி வெந்ததும் போடுவேன், முன்னாலேயே போட்டால் கரைந்துவிடும். மீன் விழுந்த பிறகு கரண்டி போடவே கூடாது, சட்டியின் காதைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றுங்கள்.

நோட்டில் இல்லாதது மனிதர்களிடம் இருக்கும். மூன்று பேரைப் போய்ப் பாருங்கள்.

அம்மாவோடு பிறந்தவர்கள் யாராவது இருந்தால் அவர்கள்தான் முதல். பெரியம்மாவோ சித்தியோ. குழம்பு வழி என்பது பிறந்த வீட்டிலிருந்து வருவது. தேங்காய் அரைத்துவிடும் வழக்கம் உண்டா இல்லையா என்று அவர்களிடம் கேளுங்கள். எங்கள் வீட்டில் கிடையாது, மூன்று மைல் தள்ளி என் நாத்தனார் வீட்டில் உண்டு.

அப்புறம், அம்மா வருஷா வருஷம் தூள் அரைக்கக் கொடுத்த மில். அரைக்கிறவருக்கு யார் வீட்டு மல்லி எவ்வளவு, மிளகாய் எவ்வளவு என்று மனப்பாடமாக இருக்கும். என் அம்மா தூளின் அளவு எனக்கே மில்லில்தான் கிடைத்தது: ஒன்றரைப் பங்கு மல்லிக்கு ஒரு பங்கு மிளகாய், கூடவே ஒரு கைப்பிடி துவரம்பருப்பு. அந்தத் துவரம்பருப்பை அம்மா ஒருநாளும் சொன்னதில்லை.

மூன்றாவது, மீன் ஆய்ந்து கொடுத்தவர். எந்த வீட்டிலும் கூடமாட ஒருவர் இருந்திருப்பார். கல்லில் உப்புப் போட்டு வழுவழுப்புப் போகத் தேய்த்தாரா, சாம்பல் போட்டாரா, அலசிய மீனை மஞ்சளும் உப்பும் பிசறி எவ்வளவு நேரம் வைத்தார்கள் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அம்மா வைத்த சட்டி எது என்பதையும் அவரே காட்டுவார். அந்தச் சட்டி வீட்டில் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

சித்திரை பிறந்து நாட்டு மாங்காய் வந்ததும் வையுங்கள். சாயங்காலமே வைத்து மூடிவிடுங்கள். மறுநாள் காலையில் பழைய சோற்றோடு உங்கள் சித்திக்கு ஒரு கிண்ணம் கொண்டுபோய்க் கொடுங்கள். அவர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு எது குறைகிறது என்று சொல்வாரோ, அதை அந்தப் பால் கணக்கு நோட்டிலேயே, அம்மா எழுதிய வரிக்குக் கீழே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கும் ஒரு கடிதம் போடுங்கள் தம்பி.