128 கிலோவுக்கு மலைச் சைக்கிள்: பின் சில்லிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: எனக்கு வயது 34, ஊர் மட்டக்களப்பு மாவட்டத்தில் செங்கலடி. எடை 128 கிலோ, உயரம் 5 அடி 11 அங்குலம். சீனி எல்லையில் நிற்கிறது, உடம்பை அசைக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னதால் போன வருடம் கியர் சைக்கிள் ஒன்று வாங்கினேன். இரண்டு கிழமைக்கு ஒரு தடவை பின் சில்லில் கம்பி உடைகிறது. ஒருமுறை அச்சே வளைந்துவிட்டது. கடைக்காரர், "உங்கட பாரத்துக்கு இது சரிவராது" என்கிறார். இப்போது வாட்ஸ்அப்பில் ஒருவர், கார்பன் பிறேமும் மற்றச் சாமான்களும் வெளிநாட்டிலிருந்து எடுத்துப் பூட்டித் தருகிறேன், முழுக் காசையும் முன்னுக்குக் கட்டுங்கள் என்கிறார். சனி, ஞாயிறில் கரடியனாறு, உறுகாமம் பக்கம் ஓட வேண்டும். பிறகு கிரான் வழியாகக் குடும்பிமலை அடிவாரம் வரை போக ஆசை. என்னைத் தாங்கும் சைக்கிள் கட்ட முடியுமா? எதில் காசு போடுவது?

பதில்: முடியும், தம்பி. அந்த ஆளுக்குக் காசை மட்டும் இப்போது கட்ட வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் உங்கள் மனதில் இருக்கிற கவலையை எடுத்துவிடுகிறேன். கம்பி உடைவது உங்கள் பாரம் ஒன்றினால் மட்டும் அல்ல. கம்பி தளர்வாகப் பூட்டப்பட்டிருப்பதால்தான் அது உடைகிறது. சில்லு ஒரு தரம் சுற்றும்போது, நிலத்தைத் தொடுகிற இடத்துக்கு மேலே இருக்கிற கம்பிகள் கொஞ்சம் தளர்ந்து, அந்த இடம் கடந்ததும் திரும்பவும் இறுகும். மலைச் சைக்கிள் டயருக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 450 சுற்று. நீங்கள் 40 கிலோமீட்டர் ஓடினால் ஒவ்வொரு கம்பியும் 18,000 தடவை தளர்ந்து இறுகுகிறது. இறுக்கமாகப் பூட்டிய கம்பி இந்த அசைவைச் சமாளிக்கும். தளர்ந்த கம்பி ஒவ்வொரு சுற்றிலும் ஹப்புக்கு, அதாவது சில்லின் நடுக் கூட்டுக்கு, பக்கத்திலுள்ள வளைவில் ஆடும். கட்டுக்கம்பியை முன்னும் பின்னும் வளைத்து முறிக்கிறோமே, அதே வேலைதான் அங்கே நடக்கிறது. உடைந்த கம்பிகளை எடுத்துப் பாருங்கள். எல்லாம் அந்த வளைவிலேயே முறிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பின் சில்லில் பல் சக்கரப் பக்கத்துக் கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் தட்டுங்கள். எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி "டிங்" என்று கேட்க வேண்டும். ஒன்று "டிங்", அடுத்தது "தொட்" என்று கேட்டால் அந்தச் சில்லு ஒழுங்காகக் கட்டப்படவில்லை. அதற்குப் பத்துப் புதுக் கம்பி போட்டாலும் பதினோராவது உடையும். மற்றப் பக்கத்துக் கம்பிகளின் சத்தம் கொஞ்சம் தாழ்வாகத்தான் கேட்கும். கியர் சில்லில் அது இயல்பு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

இங்கே கம்பி உடைந்தால் எல்லாரும் சொல்லுகிற ஒரே மருந்து, "தடிச்ச கம்பி போடுவம்" என்பது. ஹப்பின் துளைக்குள் அது போகாது. உடனே ட்ரில் போட்டுத் துளையைப் பெருப்பிப்பார்கள். அதோடு ஹப்பும் போயிற்று. முழு நீளமும் தடித்த கம்பி விறைப்பாக நிற்கும், அந்த விறைப்பு அசைவை வளைவுக்கே தள்ளும். நல்ல கம்பி என்பது இரண்டு முனையும் 2 மில்லிமீட்டர், நடு 1.8 மில்லிமீட்டர். நடு மெல்லிதாக இருப்பதால் அது இழுபட்டுக் கொடுக்கும், வளைவு பிழைத்துக்கொள்ளும். உங்கள் எடைக்கு இன்னும் நல்லது ஹப் பக்க முனை மட்டும் 2.3 மில்லிமீட்டர் வரை தடித்த வகை. டிடி சுவிஸ் அல்பைன் 3 அப்படியானது. துளையைத் தொடாமலே பூட்டலாம். கம்பியை றிம்மில் இறுக்கிப் பிடிக்கிற நிப்பிள் பித்தளையில் இருக்கட்டும். அலுமினிய நிப்பிள் நம் வாவிக் காற்றில் பூத்துப் பிடித்துவிடும், பிறகு திருப்பவே ஏலாது.

சரி, அச்சு வளைந்த கதைக்கு வருவோம். பிழை அச்சில் இல்லை, ஹப்பின் அமைப்பில் இருக்கிறது. மலிவான கியர் சைக்கிள்களில் ஏழு பல் சக்கரமும் சேர்ந்த பிறீவீல் ஒன்றை ஹப்பின்மேல் திருகிப் பூட்டியிருப்பார்கள். அந்தப் பக்கத்துக் குண்டுகள் பிறீவீலுக்கு உள்ளே, ஹப்பின் ஓரத்தில் இருக்கும். அங்கிருந்து பிறேம் வரைக்கும் அச்சு தாங்கலே இல்லாமல் நீட்டிக்கொண்டு நிற்கும். 128 கிலோ அதில் இறங்கி, ஒரு கிடங்கில் சில்லு விழுந்தால் வளையாமல் என்ன செய்யும்? கசெட் என்பது ஹப்பில் திருகாமல் செருகிப் பூட்டுகிற பல் சக்கரத் தொகுதி. அந்த வகை ஹப்பில் குண்டுகளை பிறேமுக்குக் கிட்ட வெளியே தள்ளி வைத்திருப்பார்கள். உங்களுக்கு வேண்டியது அதுதான்.

கடையில் உங்களை ஏமாற்றாமல் இருக்க ஒரு சோதனை. பல் சக்கரங்களைக் கையால் பின்பக்கமாகச் சுற்றுங்கள். நடுவில், அச்சைச் சுற்றி, கழற்றும் கருவி போடுகிற பல்லுப் பல்லான வளையம் தெரியும். அது பல் சக்கரங்களோடு சேர்ந்து சுற்றினால் கசெட். அசையாமல் நின்றால் பிறீவீல். "ரெண்டும் ஒண்டுதான்" என்று எவர் சொன்னாலும் அந்த இடத்தை விட்டு எழும்பி வந்துவிடுங்கள்.

இந்த இடத்தில் ஒருவர் நிச்சயம் கேட்பார். படுவான்கரையிலிருந்து விறகுக் கட்டையும் நெல் மூட்டையையும் கறுப்புச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார்களே, அதில் பிறீவீல்தானே இருந்தது, ஏன் உடையவில்லை? நியாயமான கேள்வி. பதில் கொஞ்சம் நீளம். அந்தப் பெரிய சைக்கிளில் பல் சக்கரம் ஒன்றே ஒன்று. அதனால் அச்சு வெளியே நீட்டி நிற்கும் அளவு மிகக் குறைவு. ஒரு சக்கரம் என்பதால் றிம் ஹப்பின் நடுவிலேயே நிற்கிறது, இரண்டு பக்கக் கம்பியும் ஏறக்குறைய ஒரே இறுக்கம். ஏழு சக்கரத்துக்கு இடம் விட்டு றிம்மை ஒரு பக்கம் இழுத்த சில்லில் இந்தச் சமநிலை கிடையாது. கம்பிக் கணக்கும் வேறு. முன்னுக்கு 32, பின்னுக்கு 40 கம்பி அந்தக் காலத்து வழக்கம். இரும்பு றிம். வேகமோ நடையை விடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். விறகு உயரமாக ஏற்றிய பிறகு பெரும்பாலானவர்கள் ஏறி ஓடுவதில்லை, ஹாண்டிலைப் பிடித்துத் தள்ளிக்கொண்டுதான் நடப்பார்கள். இருந்து மிதிக்கிற 128 கிலோவும், கட்டித் தள்ளுகிற 128 கிலோவும் சில்லுக்கு ஒன்றல்ல. ஆகவே, தம்பி, நீங்கள் தார் வீதியில் மட்டும் ஓடப் போகிறீர்கள் என்றால், நல்ல நிலையிலுள்ள ஒரு பழைய பெரிய சைக்கிள் உங்களை வருடக்கணக்கில் சுமக்கும், கட்டுமானம் ஒன்றுமே தேவையில்லை. செங்கலடியிலிருந்து கல்லடிப் பாலம் வரை போய்வர அதைவிட நல்லது இல்லை. ஆனால் உறுகாமம் பக்கத்துக் கிரவலுக்கும் குடும்பிமலைப் பாதையின் கல்லுக்கும் அது ஆகாது. அங்கே அகல டயரும் தாழ்ந்த கியரும் உறுதியான பிறேக்கும் வேண்டும்.

இனி உங்கள் சைக்கிள். பின் சில்லுக்கு 36 கம்பி ஹப்பும் 36 துளை றிம்மும் கிடைத்தால் எடுங்கள். கிடைக்காவிட்டால் 32 போதும், கட்டுபவர் சரியாகக் கட்டினால். அளவு 27.5 அங்குலம் என்பது என் தெரிவு. 29 அங்குலம் நன்றாக உருளும், ஆனால் கம்பி நீளம் கூடக் கூடச் சில்லு பக்கவாட்டில் பலம் குறையும். றிம்மின் உள் அகலம் 30 மில்லிமீட்டர், டயர் 2.4 அங்குலம். கம்பி இறுக்கத்தை அளக்க ஒரு மீட்டர் உண்டு. பல் சக்கரப் பக்கத்துக்கு 110 முதல் 120 கிலோகிராம் இறுக்கம் கேளுங்கள், றிம் நிறுவனம் அதை அனுமதித்தால். மீட்டர் இல்லாதவரிடம் புதுச் சில்லுக் கட்டக் கொடுக்க வேண்டாம். பக்கிள் எடுக்க, அதாவது சில்லின் நெளிவை நேராக்க, தெரிந்தவர் எல்லாம் சில்லுக் கட்டத் தெரிந்தவர் அல்ல. கட்டி முடித்ததும் அவர் பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளைச் சோடி சோடியாகக் கையால் நெருக்கி, திரும்பவும் அளக்கிறாரா என்று நின்று பாருங்கள். அந்த நெருக்கலில்தான் கம்பி தன் இடத்தில் போய் உட்காரும். "மறுகா பார்ப்பம்" என்று அதை விட்டுவிடுகிறவர்தான் உங்கள் பழைய சில்லையும் கட்டியிருப்பார்.

பிறேம்: கார்பன் வேண்டாம். குரோமோலி உருக்கு எடுங்கள், அல்லது தடித்த அலுமினியம். வாங்க முன் எடை வரம்பை எழுத்தில் பாருங்கள். பல நிறுவனங்களின் வரம்பு 120 முதல் 136 கிலோவுக்குள் வரும். அது ஓட்டுபவருக்கும் சுமைக்கும் மட்டுமா, சைக்கிளையும் சேர்த்தா என்பதில்தான் ஏமாறுவார்கள். உங்களுக்குக் கணக்குப் போடுவோம். நீங்கள் 128, தண்ணீரும் பையும் 4, ஆக 132. சைக்கிள் 16 கிலோ என்றால் 148. ஓட்டுபவரும் சுமையும் 136 என்று எழுதியிருந்தால் மயிரிழையில் தப்புவீர்கள். சைக்கிளையும் சேர்த்து 136 என்றால் உங்களுக்கு அது இல்லை. வேறு பாருங்கள். உங்கள் உயரத்துக்கு பெரிய அளவு பிறேம். நடுத்தர அளவைத் தந்து சீற் குழாயை நீளமாக இழுத்துவிடுவது இங்கே வழக்கமான சுத்துமாத்து. அந்தக் குழாயில் ஆகக் குறைந்தது எவ்வளவு உள்ளே இருக்க வேண்டும் என்று கோடு போட்டிருக்கும், கோடு வெளியே தெரிந்தால் ஏறி இருக்காதீர்கள்.

முன் போர்க்கில் காசை மிச்சம் பிடிக்கலாம். மலிவான ஸ்பிரிங் போர்க் உங்கள் எடையில் ஏறியவுடனேயே அடியில் போய் உட்காரும், பிறகு அது வெறும் இரும்புப் பாரம். காற்றுப் போர்க் சரிவரும், ஆனால் அதன் காலில் எழுதியிருக்கும் உச்ச அழுத்தம் உங்கள் எடைக்குப் போதுமா என்று பார்க்க வேண்டும், அதற்கென்று தனிப் பம்பும் வேண்டும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் அசையாத உருக்குப் போர்க் போட்டு, அகல டயரை நம்புவேன். டயரில் ரியூப் போட்டால் பின்னுக்கு 35, முன்னுக்கு 30 பிஎஸ்ஐ அளவில் தொடங்குங்கள். காற்றடிக்கிற இடத்தில் கல்லுப்போல அடித்துவிடுவார்கள், பக்கத்தில் நில்லுங்கள்.

பிறேக் ஹைட்ரோலிக் டிஸ்க். முன்னுக்கு 203, பின்னுக்கு 180 மில்லிமீட்டர் தட்டு, பிறேமும் போர்க்கும் அதை ஏற்றால். பெடல் பிளாஸ்டிக் வேண்டாம். கியர், செயின் எல்லாம் ஷிமானோவின் சாதாரண டியோர் வகை போதும், அதில் ஆசைப்படாதீர்கள்.

இப்போது வாட்ஸ்அப் ஆள். 2022 இல் பெற்றோல் இல்லாமல் நாடே வரிசையில் நின்றபோது சைக்கிள் விலை ஏறியது, அதோடு இந்த மாதிரித் தரகர்களும் முளைத்தார்கள். ஒருவர் இரண்டு வருடத்துக்கு முன் இதே மாதிரி ஒரு கார்பன் பிறேமோடு என்னிடம் வந்தார். மேலே பெரிய நிறுவனத்தின் பெயர் ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினேன், ஒட்டுப்படம் உரிந்து வந்தது. கீழே இலக்கமும் இல்லை, செய்த நாடும் இல்லை. பெடல் அச்சுக் கூட்டைச் சுற்றி நகக்கோடு மாதிரி ஒரு வெடிப்பு. தரகரின் நம்பர் அப்போதே வேலை செய்யவில்லை. அந்த மனிதருக்கு 95 கிலோகூட இல்லை.

ஆகவே அவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். பிறேம் நிறுவனமும் மொடலும் எது? அதன் எடை வரம்பு நிறுவனத்தின் கையேட்டில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது? ஹப் கசெட்டா, பிறீவீலா? "எல்லாம் நான் பார்த்துக்கொள்ளுறன்" என்பது பதில் அல்ல.

நேர்வழியில் எடுப்பதும் லேசில்லை என்பது எனக்குத் தெரியும். ஒருமுறை வெளிநாட்டிலிருந்து வந்த, 72 கம்பியும் நிப்பிளும் கொண்ட ஒரு சின்னப் பொதிக்காக, சுங்கத்தில் இது என்ன சாமான், எதற்கு என்று விளக்கியே அரை நாள் போனது. அதற்குக் கட்டிய காசு கம்பியின் விலைக்கே கிட்ட வந்தது. நடக்கச் சொல்லுகிறார்கள், ஓடச் சொல்லுகிறார்கள், சீனிக்குக் குளிசை தருகிறார்கள். பாரமான ஒருவர் பாதுகாப்பாக ஏறி ஓட ஒரு நல்ல ஹப்பை இந்த மாவட்டத்தில் வாங்குவதற்கு மட்டும் வழி இல்லை. கிரவல் பாதையை டிப்பர்கள் உழுதுவிட்டுப் போக, சில்லு உடைந்தால் பழி உங்கள் உடம்புக்கு. கடைக்காரர் சொன்னதை மனதில் வைக்காதீர்கள்.

வேலைக்குக் கொடுக்கும் முன் ஹப், றிம், பிறேம் மூன்றிலும் உள்பக்கமாகக் கியூட்டெக்ஸால் ஒரு பொட்டு வையுங்கள். புது ஹப் கொடுத்துப் பழைய ஹப்போடு திரும்பி வந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். சில்லைக் கட்டி முடித்ததும் கூலியில் பாதியைக் கொடுங்கள், மீதியை 150 கிலோமீட்டர் ஓடித் திரும்ப இறுக்கிய பிறகு கொடுப்பதாக முதலே பேசிவிடுங்கள். அந்த 150 கிலோமீட்டரைத் தார் வீதியில் ஓடுங்கள். சில்லைத் திரும்ப அளந்து இறுக்கிய அடுத்த சனிக்கிழமை கரடியனாறு பக்கம் போகலாம். குடும்பிமலைக்கு மாரி முடிந்து பாதை காய்ந்த பிறகு போங்கள், வெள்ளம் நிற்கும் காலத்தில் வேண்டாம். யானை நடமாடும் இடம் என்பதால் தனியாகவும் போக வேண்டாம், பொழுது சாய முன் திரும்பிவிடுங்கள். பையில் உங்கள் அளவுக் கம்பி நாலு, இரண்டு நிப்பிள், கம்பிச் சாவி ஒன்று இருக்கட்டும்.