பால் குடிக்காத பச்சக்குழந்தைய மலைல இருந்து கீழ கொண்டுபோற வரைக்கும்

ஜவ்வாது மலைல இருந்து ஒரு அப்பா கேட்டிருக்காரு. பையன் பொறக்கும்போது 1.9 கிலோ, எஸ்என்சியூல (அரசு ஆஸ்பத்திரில பச்சக்குழந்தைங்களுக்கான தனி சிகிச்சைப் பிரிவு) வச்சிருந்து அனுப்பினாங்க, இப்ப 25 நாள். நேத்துல இருந்து மார்ல வாய் வைக்கிறான் ஆனா உறிஞ்ச மாட்டேங்கறான், தூங்கிட்டே இருக்கான், காய்ச்சல் இல்ல, கால் ஜில்லுனு இருக்கு. பாட்டி தோஷம்ங்கறாங்க, குழந்தை டாக்டர் திருவண்ணாமலைல தான், வீட்லயே பாத்துக்க வழி இருக்கான்னு கேக்கறாரு.

தம்பி, இது வீட்ல வச்சு பாக்கற விஷயமே இல்ல, மொதல்ல 108க்கு போன் போட்டுட்டு மீதிய படிங்க. ரெண்டு மாசத்துக்கு உள்ள இருக்கற குழந்தை நல்லா குடிச்சிட்டு இருந்து திடீர்னு குடிக்கறத விட்டாலே அது பெரிய நோய்க்கு அடையாளம், ரத்தத்துல கிருமி பரவியிருக்கலாம், இந்த வயசுல காய்ச்சலே வராம உடம்பு சில்லிட்டுப் போறதும் அதே அளவு ஆபத்து. அக்குள்ல தெர்மாமீட்டர் வச்சு 97.7 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு கீழ இருந்தா குளிர்ந்து போயிருக்கான்னு அர்த்தம், 95.9க்கு கீழ போனா ரொம்ப ஆபத்து.

வண்டி வர்ற வரைக்கும் செய்ய வேண்டியது சூடு குடுக்கறது. டயப்பர், குல்லா, சாக்ஸ் தவிர எல்லாத்தையும் கழட்டிட்டு அம்மாவோட வெறும் நெஞ்சுல, ரெண்டு மார்புக்கும் நடுவுல தவளை மாதிரி கால் மடங்கி நிமிர்ந்தாப்ல ஒட்ட வைங்க, தலை ஒரு பக்கம் திரும்பி இருக்கணும், கழுத்து முன்னாடி மடங்கவும் கூடாது பின்னாடி தொங்கவும் கூடாது, பழைய காட்டன் சேலைய சுத்திக் கட்டி மேல போர்வை போடுங்க, ஆனா மூஞ்சி எப்பவும் கண்ணுல படணும். அம்மா அசந்தா நீங்க சட்டைய கழட்டிட்டு வச்சுக்கலாம். 1978ல கொலம்பியால பொகோட்டால இன்குபேட்டர் பத்தாத ஆஸ்பத்திரில ஆரம்பிச்ச கங்காரு முறை இது, இன்னைக்கு உலக சுகாதார நிறுவனமே எடை குறைஞ்ச எல்லா குழந்தைக்கும் சொல்லுது. வண்டிக்குள்ளயும் இப்படியே போங்க, வெந்நீர் பாட்டில் பக்கத்துல வைக்காதீங்க, தோல் வெந்துரும்.

முழிச்சிருந்து முழுங்கறான்னா தாய்ப்பால பீச்சி பாலாடைல கொஞ்சம் கொஞ்சமா குடுங்க, சக்கரை குறைஞ்சிரக் கூடாது. மயக்கமா இருந்தா ஊத்தவே ஊத்தாதீங்க, நேரா நுரையீரலுக்குப் போயிரும். வசம்பு, கிரைப் வாட்டர், மூக்குல எண்ணெய், தொக்கம் எடுக்கறது எதுவும் வேணாம். பாட்டிகிட்ட சண்டை போடாதீங்க, ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போங்க, நெஞ்சுல வச்சுக்க இன்னொரு ஆள் ஆச்சு.

ஒரு நிமிஷம் முழுசா மூச்ச எண்ணுங்க, 60 அல்லது அதுக்கு மேல இருந்தா, நெஞ்சுக்கூட்டுக்கு கீழ நல்லா உள்ள இழுத்தா, வலிப்பு வந்தா, உள்ளங்கை உள்ளங்கால் மஞ்சளா இருந்தா, தொப்புள் சிவந்திருந்தா நர்சம்மாகிட்ட அப்படியே சொல்லுங்க. மூச்சு நின்னு நின்னு வந்தா உள்ளங்கால தேய்ச்சு விடுங்க.

குழந்தை டாக்டர் இருந்தா தான் போவோம்னு நேரா திருவண்ணாமலைய மட்டும் நெனைக்காதீங்க. வழில இருக்கற ஆரம்ப சுகாதார நிலையத்துல ஆன்டிபயாட்டிக் மொதல் டோஸ் போட்டு, சக்கரை பாத்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணி பெட் சொல்லி வைக்க முடியும், அத நீங்களே வாய்விட்டு கேளுங்க. எஸ்என்சியூ டிஸ்சார்ஜ் பேப்பர் கையில இருக்கட்டும். ஒரு வயசு வரைக்கும் அரசு ஆஸ்பத்திரில வைத்தியம், மருந்து, போக வர வண்டி எல்லாமே ஜேஎஸ்எஸ்கேங்கற (ஜனனி சிசு சுரக்ஷா காரியக்ரம்) அரசு திட்டத்துல ஃப்ரீ, யாராவது காசு கேட்டா இந்த பேர சொல்லுங்க.